நாற்றம் லீவு எடுத்த நாட்கள்

அத்தியாயம் ஆறு

மஸ்க்ராட் ஓடையில் அன்று நாற்றமே இல்லை. ஆர்டிஸ் குவாமிக்கு உறுத்தியது அதுதான்.

மற்ற நாட்களில் அந்தப் பாலத்தைக் கடக்கிறவர்கள் கார் கண்ணாடியை ஏற்றி, மூச்சைப் பிடித்து, எதிர்க்கரைச் சோளக்கொல்லை வந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். மேட்டின் மேல் கிரம்ஹோல்டின் கொட்டிலில் இரண்டாயிரத்து ஐந்நூறு பன்றிகள். அவை போடுவதெல்லாம் பக்கத்தில் ஒரு குளமாகத் தேங்கிக் கிடக்கும். அங்கிருந்து ஒரு குழாய் மண்ணுக்கடியில் கிளம்பி, பாலத்தருகே ஓடைக்கரையில் வந்து வாய் பிளக்கிறது. அப்படி ஒரு குழாயே கிடையாது என்று கிரம்ஹோல்ட் சத்தியம் செய்வார். அவர் சத்தியம் செய்யும்போது காற்று அவர் பக்கமிருந்து வீசினால் கேட்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓடைக் காவல் குழுவின் பதினோரு பேரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் பாட்டிலுடன் ஓடையில் இறங்கினார்கள். குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. தண்ணீர் அடி தெரிய ஓடியது. ஒரு வாத்து குஞ்சுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனது.

"நாலாவது தடவை" என்றாள் ஆர்டிஸ்.

"வாத்துக்கு யாரோ வாடகை கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க போஸ்ட்டம்மா" என்றான் வெண்டல்.

ஆர்டிஸ் முப்பத்தோரு வருஷம் அந்தக் கவுண்டி என்கிற குட்டி மாவட்டத்தில் வீடு வீடாகத் தபால் போட்டவள். யாருக்கு எந்த ஊரிலிருந்து கடிதம் வருகிறது, யாருக்கு வருவது நின்றுபோனது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் கவுண்டியில் ஏதாவது காணாமல் போனால் ஷெரீஃபுக்குப் போன் போவதற்கு முன் அவளுக்குத்தான் போகும். வெண்டல் ப்ரூட் நாற்பத்தைந்து வயதுப் பிரம்மச்சாரி. செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறான். ஆர்டிஸுக்கு ஏதாவது துப்புத் துலக்க வேண்டியிருந்தால் அவன்தான் கையாள், டிரைவர், வாயாடி.

"உன் மூக்கு என்ன சொல்லுது?"

"கண்ணைக் கட்டி விட்டாலும் இது பசு, இது பன்னி, இது மனுஷன்னு சொல்லிடுவேன். மூணுல மனுஷன்தான் மோசம். இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. முந்தா நாள் இதே இடத்துல லாரியை நிறுத்தினேன். என் லாரிக்கே குமட்டிடுச்சு."

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குக் கவுண்டி சபை கூடுகிறது. இன்னும் ஐயாயிரம் பன்றி வைத்துக்கொள்ள கிரம்ஹோல்டுக்கு அனுமதி தரலாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். தண்ணீர் சோதிக்கும் கூடம் நாற்பது மைல் தள்ளி இருக்கிறது. முதல் நாளே சொல்லிவைத்தால்தான் பாட்டிலை வாங்கிக்கொள்வார்கள். குழு சொல்லிவைத்துவிட்டுப் போன நாட்களில், ஒன்றைத் தவிர, மற்றதில் எல்லாம் ஓடை சர்ச்சுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. சோதனை முடிவு சுத்தம், சுத்தம், சுத்தம். இன்று எடுத்த பாட்டிலும் அப்படித்தான் வரும். வெள்ளிக்கிழமை கிரம்ஹோல்டின் வக்கீல் நான்கு காகிதத்தையும் விசிறி மாதிரி விரித்துக் காட்டுவார். அதுவும் ஓடைக் காவல் குழுவே எடுத்துக் கொடுத்த காகிதம்.

குழுவுக்குள் எவனோ, பாட்டில் எடுக்கப் போகிற நாள் எது என்று கிரம்ஹோல்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறான்.

"எவனோ இல்ல. யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் லவான் பிரெக்கி.

*

லூத்தரன் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் காபி ஊற்றி முடிவதற்குள் லவான் எழுந்து நின்றுவிட்டாள். குழுவின் தலைவி அவள். அறுபத்தெட்டு வயது, முதுகில் பலகை வைத்துத் தைத்த மாதிரி நிமிர்ந்த உடம்பு. காகிதத் துடைப்பானைப் பாதியாகக் கிழித்துக் கொடுப்பவள். பாதி போதாதென்று யாரும் அவளிடம் கேட்டது கிடையாது.

"விர்ஜில் ஆம்லி தன் நிலத்தை கிரம்ஹோல்டோட மருமகனுக்கு வாடகைக்கு விட்டிருக்கார். ஓடைக்கரையில நாம சேர்ந்து சாப்பிடறப்ப அவர் மட்டும் சாப்பிடறதில்ல. சட்டைப் பையில இருந்து ஒரு காய்ஞ்ச சீஸ் ரொட்டியை எடுத்துக்கிட்டுத் தனியாப் போய்க் கல்லு மேல உக்கார்றார். நான் கொண்டு வர்ற ஹாம் பன்னு அவருக்கு ஆகாது. நம்ம கூட உக்காரப் பிடிக்காதவருக்கு இந்தக் குழு எதுக்கு? அவரை நீக்கணும்னு தீர்மானம் கொண்டு வரேன். வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஓட்டு."

அந்தக் கவுண்டியில் சண்டை வந்தால் எல்லாரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்துவிட்டதுபோல் குனிந்துகொள்வார்கள்.

விர்ஜில் வாசல் பக்கத்து நாற்காலியில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்து நான்கு வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மூட்டு போனதால் நிலத்தை வாடகைக்கு விட்டவர். ஒன்பது வருஷத்துக்கு முன் முதல் பாட்டிலை ஓடையில் முக்கி இந்தக் குழுவைத் தொடங்கியவரே அவர்தான். இங்கே அவருக்கு இடம் இல்லை என்று ஓட்டுப் போட்டுவிட்டால் காபிக் கடையிலும் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும். நாளைக்குச் செத்தால் பெட்டி தூக்க ஆறு பேர் சேர மாட்டார்கள்.

"ஏதாவது சொல்லணுமா விர்ஜில்?" என்றார் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் மெர்ல் சுண்ட்பி.

விர்ஜில் லவானைப் பார்த்தார். அவள் துடைப்பான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

*

"அவர் இல்லடா" என்றாள் ஆர்டிஸ், லாரியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து.

"நல்லவர்னு சொல்றீங்களா, சாட்சி ஏதும் இருக்கா?"

"எந்த நாள்னு லவான்தான் முடிவு பண்ணுவா. மத்தவங்களுக்குப் போன் வர்றதே அன்னிக்கு விடிகாலை ஆறு மணிக்கு. குழாய் எப்ப நின்னுது?"

வெண்டல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "நேத்து சாயங்காலமே. கொட்டில்ல வேலை செய்யறவங்க கக்கூஸை உறிஞ்சப் போயிருந்தேன். வால்வை அடைச்சுக்கிட்டு இருந்தான் ஒருத்தன். வீட்டுக்கு விருந்தாளி வராங்களான்னு கேட்டேன். முறைச்சான்."

"நேத்து சாயங்காலம் விர்ஜிலுக்கே தெரியாத நாளை விர்ஜில் எப்படிச் சொல்லுவார்?"

"அப்ப லவானம்மாவா? அவங்க கிரம்ஹோல்டைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போற ஆளு. அவங்க கிணத்துத் தண்ணியைக் குடிக்க முடியாமப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

அதுவும் சரிதான். லவானை வெறுப்பு விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆர்டிஸ் யோசித்தாள். "அஞ்சு தடவை போனோம். நாலு தடவை சுத்தம். ஒரே ஒரு தடவை குழாய் கொட்டிக்கிட்டு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

மறக்கவா முடியும்? மே மாதக் கடைசியில் கறுப்பாகக் கொட்டியதை எட்டு பாட்டிலில் பிடித்து, மெர்ல் சுண்ட்பியிடம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் புண்ணியவான் போகிற வழியில் பழைய டிராக்டர் ஏலம் ஒன்றைப் பார்த்து இறங்கிவிட்டார். பாட்டில்கள் கார் முகப்பில் மூன்று மணி நேரம் வெயிலில் வெந்தன. சோதனைக்கூடத்தார் மூடியைத் திறக்கவே மறுத்துவிட்டார்கள். டிராக்டரும் வேறு ஒருவருக்குப் போனது.

"அந்த ஒரு நாள் என்ன வித்தியாசம்? எல்லாரையும் கேட்போம்."

சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டுப் படி ஏறி இறங்கினார்கள். அந்தக் கவுண்டிக்காரர்களுக்குத் தேதி நிற்காது. என்ன சாப்பிட்டோம் என்பது மட்டும் நிற்கும். யார் கல்யாணம் எப்போது என்று கேட்டால் உருளைக்கிழங்கில் உப்பு கம்மியாக இருந்த வருஷம் என்பார்கள்.

"அன்னிக்கா? அன்னிக்கு முட்டை சாலட்" என்றார் முதல் வீட்டுக்காரர்.

"முட்டை சாலட் ரொட்டி. ஊறுகாய் கூட இல்ல" என்றாள் இரண்டாம் வீட்டுக்காரி.

"மெர்ல் வீட்டம்மா செஞ்ச முட்டை. லவான் நாள் குறிச்சுக் கொடுத்துட்டு அந்த வாரம் டுலூத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. ஏன், யாருக்காவது வயித்தால போச்சா?" என்றாள் மூன்றாமவள், கண்ணில் ஒரு நம்பிக்கையோடு.

லாரிக்குத் திரும்பியதும் ஆர்டிஸ் ஒரு பழைய உறையின் பின்னால் எழுதினாள். வெண்டல் எட்டிப் பார்த்தான்.

"ஹாம், சுத்தம். ஹாம், சுத்தம். முட்டை, நாத்தம். ஹாம், சுத்தம். ஹாம், சுத்தம்" என்று படித்தவன் சிரித்தான். "அப்போ கிரம்ஹோல்டுக்கு வக்கீல் வேண்டாம் போஸ்ட்டம்மா. ஓடையில தினம் ரெண்டு ஹாமைக் கட்டித் தொங்க விட்டாப் போதும்."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. "பன்னிக் கொட்டிலை எதிர்த்துப் போராடறோம். நாலு தடவையும் அந்தக் குழாய்க்குப் பக்கத்துல உக்காந்து பன்னிக்கறி தின்னிருக்கோம். இது யாருக்கும் உறைக்கல பாரு."

"நீங்க ரெண்டு தின்னீங்க."

"நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், வண்டியை எடு. அந்த ஹாம் எங்கிருந்து வருது?"

*

ஊரில் இறைச்சிக் கடை ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அதை வாங்கியதும் கிரம்ஹோல்ட்தான். புதன்கிழமை காலை கல்லாவில் ஜோலீன் இருந்தாள். வாயில் சூயிங்கம், கையில் செல்போன். வெண்டலின் லாரி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன். சாப்பிடற சாமான் விக்கற இடம்."

"உங்க முதலாளி மேட்டு மேல இதைவிடப் பெருசா நிறுத்தி வெச்சிருக்கார். அவர்கிட்ட யாரும் தள்ளி நிறுத்தச் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றான் வெண்டல்.

"ஜோலீன் கண்ணு, லவான் வாங்கற ஹாம் எது? நல்லா இருந்துச்சு" என்றாள் ஆர்டிஸ், தேன் தடவிய குரலில். தபால் போட்ட காலத்தில் நாய்களிடம் பேசிப் பழகிய குரல் அது.

"அவங்க எங்க வாங்கறாங்க? அது இலவசம். 'நல்ல அண்டை வீட்டார்' திட்டம்." ஜோலீன் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அட்டையைக் காட்டினாள். சர்ச், பள்ளிக்கூடம், தீயணைப்பு, எந்தப் பதிவு செய்த குழுவாக இருந்தாலும் ஒரு நாள் முன்னால் படிவம் நிரப்பினால் போதும். ஆளுக்கு ரெண்டு துண்டு ஹாம், பன்னோடு.

"படிவத்துல என்ன எழுதணும்?"

"குழு பேரு, எந்த நாளு, எத்தனை மணி, எத்தனை பேரு, என்ன நிகழ்ச்சி. அதை நான் கொட்டில் ஆபீசுக்கு அனுப்புவேன். முதலாளி பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் ஹாமை வெட்டுவேன்."

வெண்டலின் வாய் திறந்தது. ஆர்டிஸ் அவன் காலை மிதித்தாள். மூடிக்கொண்டது.

"உங்க குழுவோட மஞ்சள் நகல் இங்கேயே கிடக்கு. அந்தம்மா ஒரு தடவையும் எடுத்துக்கிட்டுப் போகல. நீங்க எடுத்துக்கறீங்களா? இழுப்பறை ரொம்பி வழியுது."

"கொடும்மா. நானும் அந்தக் குழுதானே."

கடைக்கு வெளியே வந்து நான்கு மஞ்சள் காகிதத்தையும் லாரியின் மூக்கின் மேல் பரப்பினாள் ஆர்டிஸ். கையெழுத்தைப் பார்க்க மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை. முப்பத்தோரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பார்த்த கையெழுத்து. பழைய அட்டையின் பின்பக்கத்தை வெட்டி ஒட்டி அனுப்புவாள் லவான்.

"பேரு: மஸ்க்ராட் ஓடைக் காவல் குழு" என்று படித்தான் வெண்டல். "நேரம்: காலை பத்து. ஆட்கள்: பதினொண்ணு. நிகழ்ச்சி..." அவன் குரல் கீழே போய்விட்டது. "நிகழ்ச்சி: சோதனைக்குத் தண்ணீர் எடுத்தல்."

அதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தான்.

"திருடன் வீட்டுக்குப் போலீஸ்காரம்மாவே போன் பண்ணி, நாளைக்குப் பத்து மணிக்கு வரேன், சாப்பாடு எடுத்து வைன்னு சொன்ன மாதிரி இருக்கு" என்றான் வெண்டல் கடைசியில். "துரோகம்கூட இல்ல போஸ்ட்டம்மா இது. கஞ்சத்தனம்."

ஆர்டிஸுக்கு வாயெல்லாம் உப்புக் கரித்தது. பொய் எழுத மனம் வராத லவான். இலவசமாகக் கிடைப்பதை விடவும் மனம் வராத லவான். கொடுத்தது யார் கை என்று பார்த்தால்தானே? சரி, யாருக்கும் வருகிற முட்டாள்தனம்தான், சிரித்துவிட்டுப் போகலாம் என்று முதல் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவது. நான்காவது. சிரிக்கிற எண்ணம் போய்விட்டது.

"வெண்டல், முதல் காகிதத்துல 'தண்ணீர் எடுத்தல்'. மத்த மூணுலயும் என்ன எழுதியிருக்கா பாரு."

"பிக்னிக். பிக்னிக். பிக்னிக்."

"முதல் தடவை உண்மையை எழுதினா. ரெண்டாம் தடவையில இருந்து பொய் எழுதறா. நடுவுல அவளுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. குழு பேரை எழுதாம ஹாம் வராது, அதை மறைக்க முடியல. மத்ததை மறைச்சாப் போதும்னு நினைச்சிருக்கா."

"தெரிஞ்ச பிறகும் ஹாமை வாங்கினாங்களா?"

"நிறுத்தினா ஏன் ஹாம் இல்லன்னு பத்துப் பேர் கேட்பாங்க. பதில் சொல்லணுமே."

வெண்டல் லாரிச் சக்கரத்துப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் துப்பினான். அவன் தொழிலில் இருக்கிறவன் துப்பினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

*

வியாழக்கிழமைக்கு ஆர்டிஸ் ஹாம் சொல்லவில்லை, பதினோரு பேரைக் கூப்பிடவும் இல்லை. சோதனைக்கூடத்துக்கு மட்டும் முதல் நாளே போன் செய்தாள். காலை பதினொன்றுக்கு அவளும் வெண்டலும் விர்ஜிலும் ஓடைக்கரையில் இறங்கினார்கள்.

குழாய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. கறுப்பும் பச்சையுமாக ஒரு கூழ், நடுநடுவே நுரை. கொஞ்ச நேரம் நிற்கும், உள்ளே குடலைப் பிசைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், மறுபடி கொட்டும். கரையில் செத்த மீன்கள் வயிற்றைக் காட்டி ஒதுங்கியிருந்தன. அவற்றின் மேல் ஈக்கள் ஒரு போர்வை. நாற்றம் மூக்கோடு நிற்கவில்லை. பல்லில் படிந்தது, நாக்கில் இனித்தது. ஆர்டிஸ் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பாட்டிலை நீட்டினாள். விரலில் சூடாக ஏதோ வழிந்தது.

"பன்னிதானா?" என்றாள்.

"கலப்படம் இல்லாத சரக்கு" என்றான் வெண்டல். அவன் முகமும் வெளுத்திருந்தது. "என் லாரியில கூட இந்த அளவுக்குக் கெட்டியா வராது."

விர்ஜில் ஒன்றும் பேசாமல் ஐஸ் பெட்டியைத் திறந்து பிடித்தார். எட்டு பாட்டில். மூடி, துடைத்து, ஐஸுக்குள்.

ஆர்டிஸ் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "விர்ஜில், நீங்க ஏன் அந்த ஹாமைத் தொடறதில்ல?"

"வயிறு சரியில்ல."

"நாலு தடவையுமா?"

"எழுபத்து நாலு வயசும்மா" என்று விர்ஜில் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். அந்த முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. அவருக்கு அதிகம் கடிதம் வந்ததில்லை. அதனால் ஆர்டிஸுக்கு அவரைப் படித்துப் பழக்கமும் இல்லை.

பெட்டியை வெண்டலே ஓட்டிக்கொண்டு போனான். எந்த ஏலத்திலும் இறங்கவில்லை. முடிவு வெள்ளி மதியம் கிடைக்கும் என்றார்கள். முடிவே வேண்டாம், பாட்டிலைப் பார்த்தாலே போதும் என்று சோதனைக்கூடத்துப் பெண் சொன்னாளாம்.

*

சாயங்காலம் ஏழு மணிக்குச் சர்ச் கூடம் நிறைந்திருந்தது. நிறைந்தது என்றால் பதினோரு பேர்தான். மேசை நடுவில் லவானின் நீலத் தட்டில் ஹாம் பன். செவ்வாய்க்கிழமை மிச்சம்.

"தீர்மானத்தை வாசிக்கறேன்" என்றாள் லவான்.

"அதுக்கு முன்னால இதை வாசி" என்று ஆர்டிஸ் நான்கு மஞ்சள் காகிதத்தையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இல்ல, நானே வாசிக்கறேன்."

வாசித்தாள். நாள், மணி, ஆள் கணக்கு, நிகழ்ச்சி. முதலாளியின் கையெழுத்து எங்கே விழும் என்பது வரைக்கும் சொன்னாள். பாதி பன்னை வாயில் வைத்திருந்த ஒருவர் அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்திலேயே ஒதுக்கிக்கொண்டார்.

லவானின் கழுத்தில் சிவப்பு ஏறியது. "அது இலவசம்" என்றாள். "பதினோரு பேருக்குச் சாப்பாடு. நான் எனக்காகவா வாங்கினேன்?"

"முதல் தடவைக்கு அந்தப் பதில் போதும். மத்த மூணு தடவை 'பிக்னிக்'னு எழுதியிருக்கியே, அதுக்கு என்ன பதில்? உனக்கு யார் சொன்னா?"

லவான் நீலத் தட்டை நேராக நகர்த்தி வைத்தாள்.

"நான்தான் சொன்னேன்."

வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது குரல். விர்ஜில் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதல் நாள் பொட்டலத்துல அவன் கடை ஸ்டிக்கர் இருந்துச்சு. அன்னிக்கே இவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். சோறு போடறவன் நீங்க எப்ப சாப்பிடுவீங்கன்னு கேக்காம இருப்பானா லவான், விட்டுடுன்னு. சரின்னா. பொம்பளைங்க எதிர்ல அவளுக்குத் தலைகுனிவு வேண்டாம்னு நான் வெளிய சொல்லல. அவ நிறுத்திடுவான்னு நினைச்சேன்."

ஆர்டிஸுக்கு அப்போதுதான் கடைசி முடிச்சு அவிழ்ந்தது. விர்ஜில் ஒற்றன் என்று லவான் சந்தேகப்படவே இல்லை. அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் ஒருவரைக் கூடத்தை விட்டு வெளியே தள்ளிவிட்டால் ஹாம் விஷயம் ஹாமோடு போய்விடும். தன் மானத்தைக் காப்பாற்றியவரையே தூக்கிப் போட ஏழு மணிக்கு ஓட்டு.

"பெரியவரே, நீங்க இதை எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் வெண்டல். கிண்டல் அவன் குரலில் இல்லை.

"சொல்லியிருக்கணும். அந்த மரியாதையால ஓடைதான் நாறிச்சு" என்றார் விர்ஜில்.

மெர்ல் சுண்ட்பி பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டிக்கரை நானும் பார்த்தேன்" என்றார் மெல்ல. "கிழிச்சுக் கசக்கிப் பையில போட்டுக்கிட்டேன். எதுக்கு வம்புன்னு."

"நானும் பார்த்தேன்" என்றது இன்னொரு குரல். ஓரத்திலிருந்து மூன்றாவதாக ஒரு இருமல். அதற்கும் அதே அர்த்தம்தான்.

ஆர்டிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் இவர்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து மூடியிருக்கிறாள். உள்ளே இப்படி இருந்தது தெரியாமல் போய்விட்டது. காலையில் விரலில் வழிந்ததைச் சோப்புப் போட்டுக் கழுவ முடிந்தது. இதை எதைப் போட்டுக் கழுவுவது?

"தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள் லவான்.

"வேண்டாம். ஓட்டுக்கு விடு" என்றார் விர்ஜில்.

"விர்ஜில்..."

"கொண்டு வந்த தீர்மானம். ஓட்டுக்கு விடு."

விதி என்று வந்துவிட்டால் லவானுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். "விர்ஜில் ஆம்லியை நீக்கணும்கிறவங்க கை தூக்குங்க" என்றாள்.

ஒரே ஒரு கை எழுந்தது. விர்ஜிலின் கை.

"இந்த மேசையில உக்காந்து காபி குடிக்க என்னால இனிமே முடியாது" என்றார் அவர்.

"எதிர்க்கிறவங்க?"

ஒன்பது கை. சில வேகமாக, சில வெட்கத்தோடு. தலைவிக்கு ஓட்டு கிடையாது.

"தோத்துப் போச்சு விர்ஜில்" என்றாள் ஆர்டிஸ். "நீங்க போக முடியாது. இவங்களோட நானும் உக்காந்திருக்கேன். நீங்களும் உக்காருங்க."

விர்ஜில் அதற்குள் எழுந்துவிட்டிருந்தார். மறுபடி உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மெர்ல் ஓட்டுக் கணக்கை எழுதினார். வேறு வழி தெரியாமல் அடுத்த பொருளை வாசித்தார். "நாளைக்குக் கவுண்டி சபை. குழு சார்பாப் பேசுறது யார்?"

ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். எல்லாரும் விர்ஜிலைப் பார்த்தார்கள்.

"நான் பேசல" என்றார் விர்ஜில். "எட்டு பாட்டில் கறுப்பா இருக்கு, சரி. அந்த வக்கீல் எழுந்து, நாலு தடவை சுத்தமா இருந்துச்சே, அது எப்படின்னு கேட்பான். அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ ஒருத்திதான். படிவம் எழுதின கை அவளோடது. லவான் பேசட்டும். மஞ்சக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு, கவுண்டி முழுக்க உக்காந்திருக்கிற இடத்துல, ஹாம்ல இருந்து தொடங்கி எல்லாத்தையும் சொல்லட்டும். அவ சொன்னா பன்னி வராது. சொல்லலன்னா ஐயாயிரம் வரும்."

லவான் ஆர்டிஸைப் பார்த்தாள், மெர்லைப் பார்த்தாள். ஒருவரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. காபிப் பானை அடுப்பில் முனகிக்கொண்டிருந்தது. அவள் மேசைமேல் கிடந்த நான்கு காகிதத்தையும் இழுத்து, ஓரம் சேர்த்து அடுக்கி, இரண்டாக மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து நேராக்கினாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் விர்ஜில்தான் பதில் சொன்னார்.

"நாலு மணிக்கு. மூணரைக்கே வந்துடு. முன் வரிசையில உக்காரு."